படுக்கைப்புண்ணைப் பார்த்துப் பதிய நர்ஸ்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

வார்டு இன்சார்ஜ், காரைக்குடி:

வணக்கம். எங்கள் வார்டில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். மதுரையில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இங்கே வருபவர்கள், பக்கவாதத்தோடு மாதக்கணக்கில் வீட்டில் படுத்திருந்துவிட்டு வரும் ஆச்சிகள், ஐயாக்கள். ஒரே புண்ணைக் காலை டியூட்டியில் ஸ்டேஜ் 2 (ஸ்டேஜ் என்பது புண்ணின் ஆழப் படிநிலை, 1 முதல் 4 வரை) என்று எழுதுகிறார்கள், இரவு டியூட்டியில் அது 3 ஆகிவிடுகிறது, மறுநாள் கேஸ் ஷீட்டில் 'பெட் சோர் உள்ளது, டிரெஸ்ஸிங் முடிந்தது' என்பதோடு சரி. ஆறுகிறதா, பெரிதாகிறதா என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

காயப் பராமரிப்பு நர்ஸ், மதுரை:

சிஸ்டர், ஸ்டேஜ் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். எண் மனப்பாடமானதும் புண்ணை உற்றுப் பார்ப்பது நின்றுவிடும். முதல் அரை மணி நேரம் படுக்கைப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். எந்த எலும்பு மேடு, தோல் கிழிந்திருக்கிறதா, தளம் என்ன நிறம், கசிவு எவ்வளவு, ஓரம் எப்படி, சுற்றுத் தோல் எப்படி, வலி, வாடை.

அதிகம் தவறவிடுவது ஸ்டேஜ் 1. தோல் கிழியாது, அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று பாடத்தில் இருக்கும். நம் ஆட்களின் கருந்தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. பவுடர் பூசியிருந்தால் முதலில் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். நிறம் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கிறதா? புறங்கை வைத்தால் சூடா, குளிர்ச்சியா? விரலுக்குக் கெட்டியா, கொழகொழப்பா? தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா? கண்ணை விடக் கைதான் இங்கே முந்திச் சொல்லும்.

இதற்குப் பிறகு எண்ணுக்கு வாருங்கள். வார்டு முழுக்க ஒரே வரையறை இருக்கட்டும், படுக்கைப்புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு என்.பி.யூ.ஏ.பி. (இப்போது என்.பி.ஐ.ஏ.பி.) 2016-ல் திருத்தியது போதும். ஸ்டேஜ் 2 என்றால் மேல்தோல் போய், ஈரமான இளஞ்சிவப்புத் தளம், அல்லது தெளிந்த நீர்க்கொப்புளம். மஞ்சள் ஸ்லஃப் (செத்துப்போன ஈரத் திசு) துளி இருந்தாலும் அது 2 இல்லை. கொழுப்பு தெரிந்தால் 3. தசை, தசைநாண், எலும்பு தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ 4. ஸ்லஃபோ கறுப்புப் பொருக்கோ தளத்தை மூடியிருந்தால் ஆழத்தை ஊகிக்கக் கூடாது. 'ஸ்டேஜ் சொல்ல இயலாது' என்பதே சரியான பதிவு. குதிகாலில் காய்ந்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்க்கவும் கூடாது.

கருஊதா நிறத் திட்டும் ரத்தக் கொப்புளமும் ஆழ்திசுக் காயம். இந்த நிறம் பெரும்பாலும் அழுத்தம் விழுந்து 48 முதல் 72 மணி நேரம் கழித்தே வெளியே வரும். நேற்று மதுரையிலிருந்து வந்தவருக்கு இன்று ஊதா தெரிந்தால், காயம் உங்கள் படுக்கையில் ஏற்பட்டது என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம்; ஆபரேஷன் தேதி, மேஜையில் படுத்திருந்த நேரம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

ஆறிவரும் ஸ்டேஜ் 4-ஐ 3, 2 என்று இறக்கி எழுதுவதும் தவறு. போன தசையும் கொழுப்பும் திரும்பி வருவதில்லை, தழும்புத் திசுதான் நிரம்புகிறது. 'ஆறிவரும் ஸ்டேஜ் 4' என்றே இருக்கட்டும்.

டயப்பர் ஈரத்தால் வரும் புண்ணையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அது தோல் மடிப்புகளில் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். எலும்பு மேட்டோடு ஒட்டியிருக்காது.

நர்சிங் டியூட்டர், தேவகோட்டை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. அளவெடுப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசம் அங்கேதான் வருகிறது. நோயாளி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். படுக்கும் விதம் மாறினால் தோல் இழுபட்டு அளவு மாறும். சலைனால் கழுவிய பிறகே ஸ்கேல். தலை–கால் திசையில் அதிக நீளம், அதற்குச் செங்குத்தாக அதிக அகலம். ஆழத்துக்குச் சலைனில் நனைத்த ஸ்டெரைல் பஞ்சுக் குச்சியை மிக ஆழமான இடத்தில் மெதுவாக நிறுத்தி, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, எடுத்து ஸ்கேலில் வைக்கவும். தடுத்தால் அழுத்தக் கூடாது. ஓரத்துக்கு அடியில் குடைந்திருந்தால் கடிகாரக் கணக்கு: தலை 12, கால் 6.

பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மாதிரிப் பதிவை அச்சடித்துக் கொடுங்கள்:

'வால் எலும்பு. ஸ்டேஜ் 3. 4.5 × 3 × 1.2 செ.மீ. 2 மணி முதல் 4 மணி வரை ஓரத்தடிக் குடைவு 1.5 செ.மீ. தளம் 70% சிவப்பு, 30% மஞ்சள் ஸ்லஃப். கசிவு மிதம், வாடை இல்லை. சுற்றுத் தோல் வெளுத்து ஊறியுள்ளது. வலி 4/10. டாக்டருக்கு மாலை 4.20-க்குத் தெரிவிக்கப்பட்டது.'

இதில் 'வெளுத்து ஊறியுள்ளது' என்ற வரியைக் காட்டி, ஏன் என்று கேளுங்கள். கசிவை டிரெஸ்ஸிங் தாங்கவில்லை, மாற்ற வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். முழு அளவு வாரம் ஒருமுறையாவது. தளம், கசிவு, சுற்றுத் தோல் ஒவ்வொரு டிரெஸ்ஸிங்கிலும். போட்டோ எடுத்தால் ஸ்கேலும் தேதியும் படத்துக்குள் இருக்கட்டும், சம்மதம் வாங்குங்கள், சொந்தப் போனில் வேண்டாம்.

குவாலிட்டி பிரிவு, சிவகங்கை:

படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் ஸ்கேலைக் கூட்டுத்தொகையோடு விட்டுவிடாதீர்கள். ஆறு பிரிவு, 6 முதல் 23 வரை, 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. ஆனால் மொத்தம் 19 வந்தவருக்கு ஈரம் என்ற பிரிவில் மட்டும் 1, அதாவது மிக மோசமான மதிப்பெண், இருக்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் ரெக்சின் மெத்தையில் அவர் ஊறிக்கொண்டிருப்பார். 19-ஐப் பார்த்து யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சேர்த்த 8 மணி நேரத்துக்குள் தலை முதல் கால் வரை பார்த்துப் பதிய வேண்டும். வெளியிலிருந்து ஒட்டி வந்த டிரெஸ்ஸிங்கை, பிரிக்கக் கூடாது என்று ஆர்டர் இல்லாதவரை, பிரித்துப் பாருங்கள். மாஸ்க் அழுந்தும் மூக்குத் தண்டு, ஆக்சிஜன் குழாய் ஓடும் காதின் பின்புறம், கேதீட்டர் படும் தொடை, இவையும் அதில் அடங்கும்.

பயிற்சி பிடித்ததா என்று தெரிய, இரண்டு பேர் ஒரே புண்ணைத் தனித்தனியாக எழுதட்டும். பிறகு சேர்த்து வைத்து, எங்கே பிரிகிறது என்று பேசுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: புதுப் புண்ணைப் பதிந்தவருக்கு மெமோ கொடுக்கும் வார்டில் ஸ்டேஜ் 1 ஒருநாளும் பதிவாகாது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். கேட்கும், 1000 நோயாளி-நாளுக்கு எத்தனை புதுப் புண் என்ற கணக்கு அழகாக இருக்கும், நோயாளியின் முதுகு அழுகும்.

வார்டு இன்சார்ஜ், காரைக்குடி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். கிளவுஸில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது, ரப்பர் வளையம், ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது, இதெல்லாம் இன்னும் நடக்கிறது. அட்டெண்டர்களும் வீட்டார்களும்கூடக் கேட்கிறார்கள்.

காயப் பராமரிப்பு நர்ஸ், மதுரை:

மூன்றையும் நிறுத்துங்கள் சிஸ்டர். வளையம் தான் படும் விளிம்பை அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். கிளவுஸில் கால் நிற்காமல் உருளும், அழுத்தமும் குறையாது. நிறம் மாறிய இடத்தைத் தேய்த்தால் அடியில் நைந்த திசு இன்னும் கிழியும். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். தலையணையைக் கெண்டைக்கால் நீளத்துக்கு வைத்து, முழங்கால் லேசாக மடங்கி, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அடியில் கையை ஓட்டிப் பாருங்கள், தடையில்லாமல் போகணும்.

ஆல்ஃபா பெட் (மோட்டாரில் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) இருந்தால், மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். உடம்புக்கும் கைக்கும் இடையில் 2.5 செ.மீ. காற்றாவது தெரியணும். கரண்ட் போய் வந்த பிறகு கட்டாயம். புரட்டும் சார்ட்டில் '2 மணிக்கு ஒருமுறை' என்று முன்கூட்டியே டிக் போடாமல், '10.00 இடது 30 டிகிரி, 12.05 வலது' என்று செய்த நேரத்தை எழுதட்டும். நோயாளி மறுத்தால் 'மறுத்தார், வலி' என்று எழுதி, வலி மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள்.