எம்ஜிபி 1970: சமதரையில் 50 மைலில் வெட்டி வெட்டி ஓடுகிறது, மேட்டில் ஒன்றுமில்லை

பச்சை ரோட்ஸ்டர், ஹரோ

வணக்கம். என்னிடம் 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலப்பது), லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு நெருப்பைப் பகிர்வது). எலக்ட்ரானிக் இக்னிஷன் எதுவும் போடவில்லை, டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி நெருப்பை உண்டாக்கும் பழைய பொயின்ற்தான். எட்டு வருடமாக வைத்திருக்கிறேன், இதுவரை வழியில் விட்டதே இல்லை.

இப்போது இரண்டு கோளாறு. ஒன்று, சட்டென்று அக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சுப் பிடித்தது போல நின்று, கார்பரேட்டர் பக்கம் ஒரு தும்மல் தும்மிவிட்டுத்தான் இழுக்கிறது. இது போன வருடமே மெல்ல ஆரம்பித்தது. இரண்டாவதுதான் பெரிய கவலை. நாலாவது கியரில் 50 மைல் வேகத்தில், 2,800 ஆர்பிஎம் அளவில், காலை அசைக்காமல் போய்க்கொண்டிருக்கும்போது வெட்டத் தொடங்குகிறது. யாரோ சாவியை அணைத்து அணைத்துப் போடுவது போல. போன ஞாயிறு ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பும்போது எம்40 நெடுஞ்சாலை முழுக்க இந்தப் பாடுதான். ஆனால் ஸ்டோக்கன்சர்ச் மேட்டில் நன்றாக மிதித்து ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மேலே வந்து காலைத் தளர்த்தியதும் மறுபடி வெட்டியது.

பிளக், பிளக் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர் ஆம், பொயின்ற், அதோடு சேர்ந்த கொண்டென்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். அதற்குப் பிறகு வெட்டுவது கூடிவிட்டது. பக்கத்துக் கராச்சில் காட்டினேன். பார்த்துவிட்டு, இரண்டு கார்பரேட்டரையும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், 600 பவுண்டு ஆகும் என்றார்கள். சரி என்று சொல்ல மனம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

டொராண்டோ எம்ஜி

முதலில் பெற்றோல் போகும் வழியைப் பாருங்கள். பின்னால் இருக்கும் எஸ்யூ பம்ப் டிக் டிக் என்று அடிப்பதால் மட்டும் பெற்றோல் போதிய அளவு வருகிறது என்று ஆகாது. என் கார் ஒரு கோடை முழுவதும் இப்படித்தான் படுத்தியது. கடைசியில் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருந்தது. வெட்டும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் காரணம்.

இன்னொன்று, வெட்டும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சீராகிவிட்டால் பெற்றோல் குறைவாகப் போகிறது என்று பொருள்.

சுன்னாகம் கராச்

தம்பி, 600 பவுண்டைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

பெற்றோல் குறைந்தால் எஞ்சின் எப்போது தடுமாறும்? அதிகமாகக் குடிக்கும்போது. அதாவது மேட்டில், மிதித்து ஏறும்போது. உங்கள் கார் மேட்டில் நன்றாக ஏறுகிறது, குறைவாகக் குடிக்கும் சமதரையில் வெட்டுகிறது. அதனால் டொராண்டோ தம்பி சொன்னதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பிழை அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமதரையில் அளவாகப் போகும்போது மட்டும் நடப்பது ஒன்று உண்டு. கார்பரேட்டரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது அல்லவா? அரைக் காலில் ஓடும்போது அதில் உறிஞ்சல் இருக்கும். அது பொயின்ற் இருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பி, நெருப்பை முன்கூட்டி அடிக்க வைக்கும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் விழும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்தத் தட்டோடு சேர்ந்து இரண்டு குட்டி வயர்கள் அசையும். ஒன்று டிஸ்ரிபியூட்டரின் வெளி முனையிலிருந்து பொயின்றுக்கு வருவது, மற்றது எர்த் வயர். ஐம்பது வருடம் மடங்கி நிமிர்ந்த வயர். மேலே உறை முழுதாக இருக்கும், உள்ளே செப்பு அறுந்திருக்கும். தட்டு திரும்பினால் வயர் இழுபட்டு விட்டுப்போகும், திரும்பி வந்தால் தொட்டுக்கொள்ளும். புதுப் பொயின்ற் போடும்போது அதை வளைத்திருப்பீர்கள், அதனால்தான் கூடியது.

இரண்டு சோதனை, காசு செலவில்லை. வெட்டும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கார் ஓடிக்கொண்டிருக்க முள் மட்டும் துள்ளி விழுந்தால், கொயிலுக்கும் (நெருப்புக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் சுருள்) பொயின்றுக்கும் இடையிலான பக்கத்தில்தான் பெரும்பாலும் பிழை. முள் அசையாமல் நின்றால் ரோட்டர், மூடி, பிளக் வயர், இல்லாவிட்டால் பெற்றோல். அப்புறம் அந்த மெல்லிய குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் பக்கத்து வாயை அடைத்துவிட்டு அதே சாலையில் ஓடுங்கள். கொஞ்சம் பெற்றோல் கூடக் குடிக்கும், வேறு கேடு இல்லை. வெட்டு நின்றால் வயர்தான்.

மிதித்ததும் தும்முவது வேறு நோய். இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் கார்பரேட்டர் மேல் பழி விழுந்தது. எஸ்யூவின் தலையில் இருக்கும் திருகு மூடியைக் கழற்றுங்கள், கீழே டாம்பர் தண்டு வரும். உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும். அந்த எண்ணெய்தான் மிதித்தவுடன் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் துள்ளி மேலே போகாமல் பிடித்து, அந்த ஒரு கணம் கலவையைத் தடிப்பாக்குகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் காற்று மட்டும் பாய்ந்து உள்ளே போகும், தும்மும். எஸ்ஏஇ 20 எண்ணெய், உள் குழாயின் மேல் விளிம்புக்கு மேலே 13 மிமீ நிற்கும் அளவுக்கு விடுங்கள்.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இரண்டு சொட்டுப் பெற்றோல் கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பாகம் வாங்கி மாற்றிப் பார்க்க அப்போது வழியில்லை. எப்போது வெட்டுகிறது, எப்போது வெட்டவில்லை என்று காரில் வந்தவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் பிழையைப் பிடித்தோம்.

பச்சை ரோட்ஸ்டர், ஹரோ

ஐயா, மிக்க நன்றி. சனிக்கிழமை காலையே இறங்கிவிட்டேன்.

டேங்க் மூடியில் ஒன்றுமில்லை, சோக் இழுத்தும் மாற்றமில்லை. டொராண்டோ நண்பருக்கும் நன்றி, அதனால் ஒரு பக்கம் தெளிவானது. பிறகு மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். 50 மைலில் வெட்டத் தொடங்கியதும் முள் 2,800இலிருந்து சட்டென்று விழுந்து எழுந்தது. நிறுத்தி, குழாயைக் கழற்றி வாயை அடைத்தோம். அதே சாலையில் இருபது நிமிடம், ஒரு வெட்டுக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து கொயிலிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, வெளி முனைக்கும் பொயின்ற் முனைக்கும் இடையே மீட்டர் வைத்தேன். சுழியம் காட்டியது. குழாயை வாயால் உறிஞ்சினேன், தட்டு திரும்பியது, மீட்டரில் தொடர்பே அறுந்தது. விட்டேன், திரும்பவும் சுழியம். அந்த வயரைக் கையில் எடுத்து இழுத்தபோது உறை ரப்பர் போல நீண்டது. உள்ளே இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

நல்ல மென்மையான, நுண்ணிழை சிலிக்கோன் வயர் வாங்கி இரண்டையும் மாற்றினேன். பொயின்ற் இடைவெளியை மறுபடி 15 தௌவுக்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து டைமிங்கும் பார்த்தேன்.

டாம்பரும் நீங்கள் சொன்னபடியே. முன் கார்பரேட்டரில் எண்ணெய் சொட்டுக்கூட இல்லை. பின்னதில் தண்ணீர் போல ஏதோ மெல்லிய எண்ணெய். இரண்டிலும் 20 விட்டேன். தண்டை உள்ளே விடும்போதே கைக்கு அந்தப் பிடிப்பு தெரிந்தது. இப்போது மிதித்தால் தயக்கமே இல்லை. நேற்று திரும்ப ஒக்ஸ்போர்டு வரை போய் வந்தேன்.

ஒரு கேள்வி. கழற்றிய பழைய கொண்டென்சரும் ரோட்டர் ஆமும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. திரும்பப் போடவா, புதியதையே விடவா?

சுன்னாகம் கராச்

பழையதைத் திரும்பப் போடுங்கள் தம்பி. இப்போது வரும் கொண்டென்சர்கள் சில சூடேறியதும் கைவிடுகின்றன. ரோட்டர் ஆமிலும் நடுவில் ரிவெட் அடித்தவை சில, அந்த ரிவெட் வழியாகவே நெருப்பைக் கீழே கடத்திவிடுகின்றன. புதியவை இரண்டையும் ஒரு பையில் கட்டிக் காரிலேயே வையுங்கள், கூடவே சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றும்.