குளத்தில் குளோரின் வாடை தூக்குகிறது, அளவு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. ஆய்வு நெருங்குகிறது

வடிகட்டி:
பொது நீச்சல் குளம், 25 மீட்டர், 400 கன மீட்டர் தண்ணீர், இரண்டு மணல் ஃபில்டர். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டுக் கிட்டில்தான் சோதனை. லாக் புத்தகத்தில் தினமும் குளோரின் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), பிஹெச் 7.8. ஆனால் சாயங்காலம் கூட்டம் ஏறினால் கண் எரிச்சல், மூக்கைத் துளைக்கும் வாடை என்று புகார். குளோரினைக் குறைக்கலாமா? சுகாதார ஆய்வு அடுத்த வாரம். எதையெல்லாம் பார்ப்பார்கள்?

ரீஏஜென்ட்:
குறைத்துவிடாதீர்கள். வாடை அடிப்பது குளோரின் அல்ல, குளோரமைன். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவழிந்துபோன குளோரின் அது. உங்கள் மஞ்சள் கிட் காட்டுவது டோட்டல் குளோரினை மட்டும், அதாவது எல்லாம் சேர்ந்த மொத்தம். அந்த 2-ல் கிருமியைக் கொல்லும் ஃப்ரீ குளோரின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆய்வாளர் ஃப்ரீயையும் டோட்டலையும் தனித்தனியே காட்டும் டிபிடி சோதனை மாத்திரையோடு வருவார், நீங்களும் அதற்கு மாறுங்கள்.

சோதனைத் தண்ணீரை முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் துளைக்குத் தள்ளி எடுங்கள். டிபிடி 1 மாத்திரையைக் கையால் தொடாமல் குழாயில் போட்டு நசுக்கினால் இளஞ்சிவப்பு வரும், அது ஃப்ரீ. கொட்டாமல் அதே குழாயில் டிபிடி 3, இரண்டு நிமிடம் கழித்து வருவது டோட்டல். டோட்டலில் ஃப்ரீயைக் கழித்தால் கம்பைண்ட், அதாவது குளோரமைனாகிப்போனது. டோட்டல் 2.0, ஃப்ரீ 0.8 என்றால் கம்பைண்ட் 1.2. அரை பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டியது. ஒன்று: டிபிடி 3 போட்ட குழாயைச் சரியாகக் கழுவாமல் அடுத்த ஃப்ரீ சோதனைக்கு எடுத்தால், ஒட்டியிருக்கும் டிபிடி 3-ன் துளி அயோடைடே கம்பைண்டையும் சேர்த்து ஃப்ரீயாகக் காட்டிவிடும். ஃப்ரீக்குத் தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஹெச் 7.8-ல், ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் ஆசிட்) இல்லாத குளத்திலேயே ஃப்ரீ குளோரினில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும். 7.2-ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முதலில் 7.2 – 7.4-க்கு இறக்குங்கள்.

பிறகு யாரையும் நீந்த விடாமல், பம்ப் ஓட, கம்பைண்டைப் போல 10 மடங்கு குளோரினை ஒரே தடவையில் போடுங்கள், இதுதான் ஷாக். 1.2-க்கு 12 பிபிஎம், அதாவது 400 கன மீட்டருக்கு 4.8 கிலோ குளோரின். 65% கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 7.4 கிலோ. பாதி போட்டு நிறுத்தினால் வாடை இன்னும் கூடும். மறுநாள் அளவு உங்கள் விதியின் உச்சவரம்புக்குள் இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

ஷாக் முடிந்து சோதித்தால் இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னி மறையும். குளோரின் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கொட்டுபவர்கள் உண்டு. 10 பிபிஎம்முக்கு மேல் குளோரினே அந்த நிறத்தை வெளுத்துவிடும். ஒரு பங்கு குளத்து நீரோடு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து சோதித்து, விடையை 5-ஆல் பெருக்குங்கள்.

இதோடு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர். வியர்வையிலும் சிறுநீரிலும் வரும் யூரியாவை ஷாக் முழுதாகப் போக்காது.

பம்ப்ரூம்:
தண்ணீரைவிட மெயின் டிரெயின் (குளத்தின் அடியில் பம்ப் தண்ணீர் இழுக்கும் வாய்) மூடியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். குளத்தின் கரையில் நின்றால் அதன் ஓட்டைகள் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாத கலங்கல் என்றால் குளத்தை அங்கேயே மூடச் சொல்லலாம். மூடி ஆடினாலோ ஒரு திருகு குறைந்தாலோ அன்றைக்குத் திறக்கக் கூடாது. ஒரே பம்ப் இழுக்கும் வாய்கள் குறைந்தது இரண்டு, 90 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியில் வேண்டும். அமெரிக்காவில் 2002-ல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சூடுநீர்த் தொட்டியின் உறிஞ்சுவாயில் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் மூடிகளுக்கான சட்டம் வந்தது.

அடுத்து, மெயின் பம்பை நிறுத்திப் பார்ப்பார்கள். ரசாயனம் செலுத்தும் டோசிங் பம்ப்கள் தாமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிஹெச்சைக் குறைக்கும் ஆசிடும் ஹைப்போவும் (ஹைப்போகுளோரைட்) ஓட்டமில்லாத குழாயில் சேர்ந்து, பம்ப் மறுபடி ஓடும்போது குளோரின் வாயு நேரே நீந்துபவர்கள் முகத்தில் வரும். இரண்டு கேன்களையும் கசிவு பிடிக்கும் ஒரே தட்டில் நிறுத்துவதும் இதே குற்றம்தான்.

ஃபில்டரின் அழுத்தக் கேஜ் சுத்தமான நிலையைவிட அரை பார் ஏறியதும் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓட்டி மணலைக் கழுவுவது. வெளியேறும் நீரைக் காட்டும் சைட் கிளாஸ் தெளியும்வரை விடுங்கள், மணி பார்க்க வேண்டாம்.

கேஜ்:
தினமும் அதே 2, அதே 7.8. லாக்கைப் பார்த்ததுமே சந்தேகப்படுவார்கள், கூட்டமுள்ள குளத்தில் எண் அசையாமல் இருக்காது. சாயங்காலக் கூட்ட நேரத்திலும் ஒரு சோதனை எழுதுங்கள்.

வடிகட்டி:
நன்றி. டிபிடி வாங்கிவிடுகிறேன். இங்கே ஃபீடரில் (மாத்திரையைக் கரைத்துக் குளத்துக்கு விடும் பெட்டி) இருப்பது ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை. ஷாக்குக்கும் அதுவே போதுமா?

ரீஏஜென்ட்:
போதாது. மெதுவாகக் கரையும், ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிட் சேர்த்துவிடும். அது ஏற ஏற ஃப்ரீ குளோரின் மந்தமாகும், தண்ணீர் மாற்றினால்தான் இறங்கும். அதையும் அளந்துவிடுங்கள்.

கால்சியம் ஹைப்போவை அந்த ட்ரைகுளோர் ஃபீடரில் ஒருபோதும் போடாதீர்கள். அடியில் மிச்சமிருக்கும் ஈர மாத்திரையோடு சேர்ந்தால் வெடிக்கும். அள்ளும் கரண்டியும் தனித்தனி. காய்ந்த பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர். பவுடர்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.