புல்தரை போட்டு நாலு மாசம்: சுவரோரம் தண்ணி நிக்குது, புல் மஞ்சளாகுது, பேவர் இறங்குது. மேல காசு கொடுக்கலாமா?

வேப்பமரத்து வீடு:

தாம்பரம் பக்கம் தனி வீடு. ஜூலையில் முன்பக்கம் தோட்டம் போட்டோம். புல்தரை 30க்கு 30, அதாவது 900 சதுர அடி. கார் நிறுத்த பேவர் பிளாக் 350 சதுர அடி. ஆறு பாப்-அப் ஸ்பிரிங்க்ளர் (தண்ணி வந்தா தலை மேல எழும்பித் தெளிக்கிற வகை), ஓரச் செடிகளுக்குச் சொட்டு நீர். மொத்தம் ₹3,40,000 பேசினது. ₹2,90,000 யுபிஐயில் போயாச்சு, ₹50,000 பாக்கி வெச்சிருக்கோம். கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் ஒரே பக்கம். அதில் "செம்மண் + தொழு உரம் 6 இன்ச், மெக்சிகன் கிராஸ், பேவர் 60 எம்எம்" என்று இருக்கு. பில் தரலை. ஆறு மாசம் பார்த்துக்கறேன்னு சொன்னது வாய்ப்பேச்சு மட்டும்தான்.

இப்போ மழை பெய்தா வீட்டுச் சுவரை ஒட்டி ரெண்டு நாள் தண்ணி நிக்குது. ஹால் உள்சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை பெயிண்ட் உப்பி உதிருது. புல் திட்டுத் திட்டா மஞ்சள், நடுவில் கோரை கிளம்பியிருக்கு. கார் சக்கரம் ஓடுற இடத்தில் பேவர் ஒரு இன்ச் இறங்கிடுச்சு. ஸ்பிரிங்க்ளர் தலை எழும்பவே மாட்டேங்குது, அப்படியே கசியுது.

கான்ட்ராக்டர் சொல்றது: "மழைக்காலத்தில் எல்லா வீட்லயும் இப்படித்தான். மேல ரெண்டு லோடு மண் கொட்டி மட்டம் பண்ணி புதுப் புல் போடணும், ₹85,000 ஆகும்." இதைச் செய்யலாமா? பாக்கி ₹50,000-ஐ என்ன பண்றது?

---

மட்டப்பலகை:

மேடம், ₹85,000 வேலைக்கு ஒத்துக்காதீங்க. மேல மண் கொட்டினா சுவர் ஈரம் இன்னும் ஏறும். உங்க புகார் அஞ்சு மாதிரி தெரியுது, ஆனா மூணுக்கு வேர் ஒண்ணுதான்: தரை உயரமும் அதுக்கு அடியில் இருக்கிறதும். யாரையும் தோண்ட விடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் அளந்து போட்டோ எடுங்க.

முதல்ல குழி. புல் நல்லா இருக்கிற இடத்தில் ஒண்ணு, மஞ்சள் திட்டில் ஒண்ணு, ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம். குழிச் சுவரில் டேப்பை நிறுத்தி வெச்சு படம் எடுங்க. செம்மண் எத்தனை இன்ச், கீழ என்னன்னு அடுக்கடுக்கா தெரியும். பிறகு அதே குழியில் தண்ணி நிரப்பி முழுசா இறங்க விட்டு, ரெண்டாவது தடவை நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஒரு இன்ச்சுக்குக் குறைஞ்சா அந்த மண்ணில் தண்ணி வடியாது.

எத்தனை யூனிட் மண் வந்ததுன்னு லாரி ரசீதைத் தேடுங்க. கணக்கு எளிசு. ஒரு யூனிட் 100 கன அடி. 900 சதுர அடிக்கு 6 இன்ச் போட்டா 450 கன அடி, நாலரை யூனிட். மண் படிஞ்சு அமுங்கும், அதனால் அஞ்சரை யூனிட் வந்திருக்கணும்.

டியூப் லெவல் (தண்ணி நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) வெச்சு ஹால் தரைக்கு எத்தனை இன்ச் கீழ புல்தரை இருக்குன்னு சுவரோரத்திலும் காம்பவுண்ட் ஓரத்திலும் எடுங்க. கொத்தனார் ஒருத்தர் அரை மணியில் எடுத்துத் தருவார்.

இன்னொண்ணு: மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எந்தத் தொட்டியில் சேருதோ, அதோட மூடி கண்ணுக்குத் தெரியுதா? புல் போடும்போது மழைநீர் சேகரிப்புக் குழியை மண்ணால் மூடிடறது ரொம்ப சாதாரணமா நடக்குது. 1,200 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தா சுமார் 5,500 லிட்டர். அது குழிக்குள் போக வழியில்லைன்னா சுவரோரத்தில்தான் நிக்கும்.

---

அருகம்புல்:

புல்லைப் பத்தி மட்டும் சொல்றேன். ஒரு திட்டில் ரெண்டு கையாலும் புல்லைப் பிடிச்சு மெதுவாத் தூக்கிப் பாருங்க. நாலு மாசம் ஆன புல் அசையக் கூடாது. பாய் மாதிரி உரிஞ்சு வந்தா வேர் கீழ இறங்கவே இல்லை.

மஞ்சள் எந்த இலையில்னு பார்க்கணும். பழைய இலை முதல்ல மஞ்சளானா தழைச்சத்து போதலை. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து கிடைக்கலை. அடியில் சிமெண்ட் காரை, சுண்ணாம்பு இருந்தா மண்ணோட கார அமிலத்தன்மை (pH) 8-க்கு மேல போய், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால எடுத்துக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைச்சு சாயங்காலம் தெளிச்சா பத்து நாளில் நிறம் திரும்பும், ஆனா காரை கீழ இருக்கிற வரை மறுபடி மஞ்சளாகும். பேவர் மேல அந்தத் தண்ணி பட வேண்டாம், துருக்கறை விழுந்தா போகாது.

கோரை லாரி மண்ணோட வந்தது. இழுத்தா தாள் அறுந்து கிழங்கு உள்ளயே நின்னுடும். களைக்கொத்தை 8 இன்ச் இறக்கிக் கிழங்கோட எடுக்கணும். கிளைபோசேட் அடிக்கலாம்னு யாராவது சொன்னா விடாதீங்க, புல்லும் சேர்ந்து சாகும்.

---

வேப்பமரத்து வீடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. அளந்தாச்சு.

நல்ல இடத்துக் குழி: செம்மண் மூணரை இன்ச், அதுக்குக் கீழ 6 இன்ச் செங்கல் துண்டு, காரை, டைல்ஸ் உடைசல், பிறகு களிமண். மஞ்சள் திட்டில் செம்மண் 2 இன்ச்தான். தண்ணி ரெண்டாவது தடவை ஒரு மணி நேரத்தில் அரை இன்ச் இறங்கினது. லாரி ரசீது ஒண்ணே ஒண்ணு, 3 யூனிட். லெவல்: சுவரோரம் ஹால் தரைக்கு 4 இன்ச் கீழ, காம்பவுண்ட் ஓரம் இரண்டரை இன்ச் கீழ. மழைநீர்க் குழியோட மூடி 4 இன்ச் மண்ணுக்கு அடியில் கிடைச்சது, உள்ளே ஜல்லி மேல செம்மண் சேறு. புல் பாய் மாதிரி வந்துடுச்சு, இளம் இலைதான் வெளுத்திருக்கு. பேவர் ஒண்ணைப் பெயர்த்துப் பார்த்தேன்: பிளாக் 60 எம்எம் சரி, கீழ 3 இன்ச் எம்-சாண்ட், அதுக்குக் கீழ நேரா மண்.

---

மட்டப்பலகை:

இதுக்கு மேல சந்தேகமே இல்லை. 3 யூனிட்டை 900 சதுர அடியில் பரப்பினா 4 இன்ச், படிஞ்சா மூணரை. உங்க குழியும் ரசீதும் ஒரே எண்ணைச் சொல்லுது. கொட்டேஷனில் இருக்கிற 6 இன்ச் வரவே இல்லை.

தரை வீட்டைப் பார்த்து ஒன்றரை இன்ச் சரிஞ்சிருக்கு. இருக்க வேண்டியது இதுக்கு நேர்மாறு: நூறுக்கு ஒண்ணு வாட்டம்னா 30 அடிக்கு மூணரை இன்ச் காம்பவுண்ட் பக்கம் இறங்கணும். சுவரோரம் மண் ஹால் தரைக்குக் குறைஞ்சது 6 இன்ச் கீழ நிக்கணும். பேஸ்மென்ட் மேல போட்டிருக்கிற ஈரத்தடுப்புப் பூச்சுக்கு மேல மண் ஏறினா, அந்தப் பூச்சைத் தாண்டி ஈரம் செங்கலுக்குள் போய் உள்பக்கம் உப்பா பூக்கும். இந்த நிலையில் உள்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா வீண். வெளியில் மண்ணை இறக்கி, ஒரு கோடை காய விட்டு, அப்புறம் உள்சுவர்ச் சிமெண்ட் பூச்சைக் கொத்திட்டுப் புதுசாப் பூசணும்.

முழுசாச் சரி செய்யணும்னா: புது மட்டம் சுவரோரம் இப்போதையதை விட 2 இன்ச், காம்பவுண்ட் ஓரம் 7 இன்ச் கீழ வரும். சராசரி நாலரை. அதோட 6 இன்ச் நல்ல மண்ணுக்கு இடம் விட்டா பத்தரை இன்ச் தோண்டணும், கிட்டத்தட்ட 8 யூனிட். அதில் மேல இருக்கிற செம்மண் இரண்டரை யூனிட்டைத் தனியாக் குவிச்சு வெச்சுத் திரும்பப் போடலாம். வெளியே போக வேண்டியது அஞ்சரை யூனிட், தோண்டினா உப்பி ஏழு யூனிட் லோடாகும். உள்ளே வர வேண்டியது மண்ணும் தொழு உரமும் சேர்த்து இரண்டரையிலிருந்து மூணு யூனிட்.

அவ்வளவு செலவு வேண்டாம்னா நடுவழி ஒண்ணு இருக்கு. சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு மண்ணை ஹால் தரைக்கு 6 இன்ச் கீழ வர்ற மாதிரி இறக்கி, வெளிப்பக்கம் வாட்டம் வெச்சு கான்கிரீட் பட்டை. பட்டை முடியற இடத்தில் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழக் கால்வாய். அதில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரிச்சு, 4 இன்ச் துளைபோட்ட பிவிசி குழாய் நூறுக்கு ஒண்ணு வாட்டத்தில் வெச்சு, 20 எம்எம் ஜல்லி நிரப்பித் துணியை மேல மடிக்கணும். துணி இல்லாம ஜல்லி மட்டும் போட்டா ரெண்டு மழைக்காலத்தில் சேறு அடைச்சுடும். இது சுவரைக் காப்பாத்தும், புல்லைக் காப்பாத்தாது.

எந்த வழியானாலும் முதல் வேலை மழைநீர்க் குழி. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, மேல் அடுக்கு மணலைப் புதுசா மாத்தி, மூடியைத் தரை மட்டத்துக்கு மேல 2 இன்ச் தெரியற மாதிரி வரம்பு கட்டுங்க. மாடித் தண்ணி நேரா உள்ளே போகலாம். புல்தரைக் கால்வாய்த் தண்ணி முதல்ல ஒரு வண்டல் தொட்டியில் நின்னு தெளிஞ்சுதான் போகணும்.

பேவர்: மணல் மெத்தை 3 இன்ச் இருக்கவே கூடாது, ஒன்றரை இன்ச் போதும். மட்டக் குறைச்சலை மணலால் நிரவியிருக்காங்க. சக்கரம் ஏறினா மணல் ஒதுங்கும், பிளாக் இறங்கும். பிளாக் உங்களுது நல்லதுதான், அதையே திரும்பப் பயன்படுத்தலாம். 10 இன்ச் தோண்டி, கலப்பு ஜல்லியும் கிரஷர் தூளும் 3 இன்ச்சா ரெண்டு அடுக்கு, ஒவ்வொண்ணையும் நனைச்சு பிளேட் கம்பாக்டர் (அதிர்ந்து அமுக்கிற மெஷின்) ஓட்டணும். திம்மிசுக் கட்டையால இடிச்சா இந்த இறுக்கம் வராது. ஓரத்தில் கெர்ப் கல்லை கான்கிரீட்டில் பதிக்கலைன்னா பிளாக் மறுபடி விலகும்.

ஸ்பிரிங்க்ளர் மேல்தொட்டியிலிருந்து ஓடுதுன்னு நினைக்கிறேன். 10 மீட்டர் உயரம்தான் 1 பார் அழுத்தம். ஒரு மாடி வீட்டுத் தொட்டி 25 அடி உயரம்னா முக்கால் பார். பாப்-அப் தலைக்கு 2 பார் வேணும். தலையை எத்தனை தடவை மாத்தினாலும் எழும்பாது. சம்ப்பிலிருந்து தனி பிரஷர் பம்ப் வெக்கணும். சொட்டு நீர் குறைஞ்ச அழுத்தத்திலும் ஓடும், அதுக்கு வடிகட்டி மட்டும் இருக்கான்னு பாருங்க.

---

சாட்சிக் கையெழுத்து:

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். சொந்த வீட்டுக்காகப் பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நீங்கள் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் கொடுத்ததற்கு யுபிஐ பதிவும் வங்கிக் கணக்கு அறிக்கையும் சான்றாகும்.

"வேலை மோசம்" என்று எழுதாதீர்கள். "6 இன்ச் செம்மண் என்று ஒப்புக்கொண்டு மூன்றரை இன்ச் போடப்பட்டுள்ளது, வந்த மண் 3 யூனிட், மழைநீர்க் குழி மூடப்பட்டுள்ளது, பேவருக்கு அடித்தளம் இல்லை" என்று எண்களோடு எழுதுங்கள். சரிசெய்ய 15 நாள் கெடு கொடுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பாக்கி ₹50,000 பற்றி மௌனமாக இருக்காதீர்கள். எந்தெந்த வேலை முடிந்தால் அது தரப்படும் என்று அதே கடிதத்தில் எழுதினால், "பணம் தரவில்லை, அதனால் வரவில்லை" என்ற வாதம் எடுபடாது.

அவர் வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு கெடு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

வாட்ஸ்அப் கொட்டேஷனைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் 2023, பிரிவு 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான்: வழக்குக்கு முன்பே வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் தோண்டிவிடுகிறார்கள். பிறகு குழியும் இல்லை, ஆதாரமும் இல்லை. பொறியாளர் ஒருவரிடம் அளவுகளுடன் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். வழக்கு போட்டபின் அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வழக்கறிஞர்) நேரில் பார்க்க வேண்டும் என்று மனு போடவும் வழியுண்டு.

---

மட்டப்பலகை:

இதில் ஒண்ணு மட்டும் காத்திருக்க முடியாது, மழைநீர்க் குழி. அறிக்கை வாங்கின அன்னைக்கே அதைத் திறங்க. மூடி மண்ணுக்குள் இருக்கிற படம், பிறகு மூடியை எடுத்துச் சேறு தெரியற படம், ரெண்டும் எடுத்துட்டுத் திறந்தா ஆதாரமும் இருக்கும், சுவரும் பிழைக்கும். புல்தரையில் ரெண்டு குழியைச் சுற்றி 3 அடியை அப்படியே விட்டுடுங்க. மழை உள்ளே போகாம மேல தார்ப்பாய் போடுங்க.

---

அருகம்புல்:

மண் வேலைக்கு ஜனவரி கடைசி வரை பொறுங்க. ஈரக் களிமண் மேல ஜேசிபி ஏறினா இறுகிடும், அப்புறம் அந்த மட்டத்துக்குக் கீழ தண்ணியே இறங்காது. புதுப் புல் பிப்ரவரியில் போட்டா முதல் பத்து நாள் தினம் ரெண்டு வேளை, மூணாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் மட்டும் தண்ணி. வேப்பமர நிழல் விழற பக்கம் மெக்சிகன் நிக்காது, அந்தப் பகுதிக்கு மட்டும் பஃபல்லோ கிராஸ் கேளுங்க.

---

வேப்பமரத்து வீடு:

மூடியைத் திறக்க நாளைக்குக் கொத்தனார் வர்றார், அதுக்கு முன்னாடி பொறியாளர் வந்து அளக்கறார். கடிதத்தில் ₹85,000 பேச்சையும் சேர்க்கணுமா?

---

சாட்சிக் கையெழுத்து:

சேருங்கள், தேதியோடு. குறையாகப் போட்ட மண்ணுக்கு மறுபடி பணம் கேட்டார் என்பதைக் காட்டும் ஆதாரம் அது. போனில் சொல்லியிருந்தால், "நீங்கள் இன்ன தேதியில் ₹85,000 கூடுதலாகக் கேட்டீர்கள், அதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிறகு கடிதத்தை எழுதுங்கள்.