4294967297 பகா எண்ணா, இல்லையா?

கேள்வி:
2^32+1, அதாவது 4294967297, பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு (p ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2^(p−1)-ஐ p-ஆல் வகுக்க மீதி 1 வரும்) சோதித்தேன். 2^4294967296-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. பகா எண் என்றால் அப்படித்தானே வர வேண்டும்? ஆனால் எங்கே தேடினாலும் பகு எண் என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் இந்தச் சோதனை எதற்கு? கணினி இல்லாமல், 65536 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்காமல், காரணியைப் பிடிக்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
பகா எண் என்றால் மீதி 1 வந்தே தீரும், ஆனால் மீதி 1 வந்ததாலேயே அது பகா எண் ஆகிவிடாது. அதிலும் நீங்கள் 2-ஐ எடுத்ததுதான் வினை. 2^32 இந்த எண்ணைவிட ஒன்று குறைவு, அதனால் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம், வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1, நீங்கள் போட்ட அடுக்கோ 64-ன் மடங்கு, பிறகு 1-ஐத் தவிர வேறென்ன வரும்? ஃபெர்மா எண் (2-ன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகும் எண்ணைப் போட்டு 1 கூட்டினால் வருவது) எதைக் கொடுத்தாலும் இதே கதைதான். 2-க்குப் பதில் 3-ஐப் போடுங்கள், குட்டு உடைந்துவிடும்.

மீதி ஒன்று:
கையாலேயே முடியும். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-ன் மடங்கோடு 1 சேர்ந்ததாகத்தான் இருக்கும். 129, 257, 385, 513, 641 என்று போனால் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641, மாட்டிக்கொண்டது! வகுக்கக்கூட வேண்டாம்: 641 = 5×2^7+1, ஆக 5×2^7-க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4×2^28-க்கு மீதி 1. ஆனால் 641 = 5^4+2^4 என்பதால் 5^4 இருக்கும் இடத்தில் −2^4 போடலாம். −2^32-க்கு மீதி 1, அதாவது 2^32+1 மீதியில்லாமல் வகுபடுகிறது. ஃபெர்மா எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பியதை 1732-ல் ஆய்லர் உடைத்தது இந்த 641-ஐ வைத்துத்தான்.

கணக்குப்பிள்ளை:
இன்னொரு சாட்சியும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். 65536² + 1² என்பது பார்த்ததுமே தெரியும், ஆனால் 62264² + 20449² போட்டாலும் இதே எண் வருகிறது. பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதவே முடியாது.

கேள்வி கேட்டவர்:
சரி, 641 போக மீதமுள்ள 6700417? அதையும் உடைக்க முடியுமா?

மீதி ஒன்று:
முடியாது, அது பகா எண். அதற்கும் அதே 128 விதிதான், வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை 257-ஐ விட்டால் 641, 769, 1153, 1409 என்று நான்கே நான்கு பகா எண்கள்தான் இருக்கின்றன, வகுத்துப் பாருங்கள், ஒன்றும் போகாது.