சலாஹுத்தீன்: பெயரா, பட்டமா? மகனுக்கு எப்படி எழுதுவது?

புதுஅத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகன் பிறந்து நாலு மாதம். என் நன்னாவின் (தாத்தாவின்) பெயரையே வைக்க எல்லாருக்கும் ஆசை. அவருடைய காகிதங்களை எடுத்துப் பார்த்தால் ரேஷன் கார்டில் சலாவுதீன், நிலப் பத்திரத்தில் சலாகுதீன், பழைய பாஸ்போர்ட்டில் முதல் பெயர் சலாஹ், குடும்பப் பெயர் உத்தீன். எது சரி? 'மார்க்கத்தின் தொழுகை' என்று மாமா பொருள் சொல்கிறார். மச்சானோ அது பெயரே இல்லை, பட்டம், வைக்கக் கூடாது என்கிறான். நன்னி தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

துபாய்ரிட்டன்:
பிரித்து மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி. என் பெயர் ஷம்சுத்தீன். ஏஜென்ட் ஷம்ஸ் ஒரு கட்டத்திலும் உத்தீன் இன்னொரு கட்டத்திலும் போட்டுவிட்டார், அப்புறம் பதினோரு வருடம் ஆபீசில் நான் 'மிஸ்டர் உத்தீன்'. கூட இருந்த எகிப்துக்காரர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஷம்ஸ் என்றால் சூரியன், சரி. இந்த உத்தீன் யார், உன் அப்பாவா?" என்று கேட்டார்.

நஹ்வுப்பைத்தியம்:
உத்தீன் என்று தனியாக ஒரு சொல்லே அரபியில் கிடையாது. சலாஹு என்பதன் கடைசி உகரம் இலக்கண வேற்றுமை உருபு, அது முதல் சொல்லைச் சேர்ந்தது. அடுத்து வருவது அல்-தீன். தால் என்ற எழுத்து, முன்னால் வரும் 'அல்'-இன் லகரத்தை விழுங்கிவிடும் 'சூரிய எழுத்து' வகை என்பதால் 'ல்' அதில் கரைந்து 'த்தீன்' ஆகிவிடும். அந்த உகரத்தைப் பிய்த்து அடுத்த சொல்லில் ஒட்டினால்தான் உத்தீன் பிறக்கிறது.

மாமா சொல்லும் பொருளும் தவறு. தொழுகை என்ற சொல்லின் கடைசி எழுத்து இரண்டு புள்ளி வைத்த வட்டத் தா, பெயரில் இருப்பது தொண்டையிலிருந்து வரும் ஹா. சலாஹ் என்றால் சீர்மை, நேர்மை. 'மார்க்கத்தின் சீர்மை' என்று சொல்லலாம்.

மச்சான் பாதி சரி. இது லகப், அதாவது சிறப்புப் பெயர். 1187-இல் ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீனின் இயற்பெயர் யூசுஃப், தந்தை அய்யூப். பக்தாதில் 1166-இல் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் லகப் முஹ்யித்தீன், நம்மூரில் பல மொய்தீன்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். பட்டமாக இருந்தது பெயராகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. இப்படித் தன்னைப் புகழ்கிற பெயர் வேண்டாம் என்று சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. மனசுக்கு உறுத்தினால் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் வைக்கலாம்.

புதுஅத்தா:
ஜஸாக்கல்லாஹ். வீட்டில் சலாஹ் என்று சுருக்கிக் கூப்பிட்டால் பொருள் கெடுமா?

நஹ்வுப்பைத்தியம்:
கெடாது. எகிப்துக் கால்பந்து வீரர் முகமது சலாஹ் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். சுருக்குவதானால் முன்பாதியை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தீன் என்று கூப்பிட்டால் 'மார்க்கமே, சாப்பிட வா' என்பது மாதிரி இருக்கும்.

துபாய்ரிட்டன்:
பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் சான்றிதழில் பெயர் சேர்க்கத் தாமதக் கட்டணம் இல்லை, இப்போதே முடித்துவிடுங்கள். ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் தாளில் எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் அவரவர் காதுக்கு எட்டினபடி அடித்துவிடுவார்கள்.

புதுஅத்தா:
இன்று போய் ஒரே சொல்லாக எழுதிக் கொடுத்தேன். அப்படியும் திரையில் சலா, ஒரு இடைவெளி, உதீன் என்று வந்தது. அங்கேயே நின்று திருத்தி வாங்கிவிட்டேன். நன்னி இப்போதே 'சலாவு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், அதை யார் திருத்துவது!