யூரெயில் பாஸ் இருக்கிறது, ஆனால் பாரிஸ்–சூரிச் ரயிலில் சீட் இல்லை என்கிறது. என்ன வழி?

வழிப்போக்கன்:
நாங்கள் இரண்டு பேர். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரெயில் குளோபல் பாஸ், ஒரு மாதத்துக்குள் 7 பயண நாள், இரண்டாம் வகுப்பு, மொபைல் பாஸ். பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், கடைசியில் மியூனிக். பாரிஸ்–சூரிச் அதிவேக ரயிலான டிஜிவி லிரியாவுக்கு யூரெயில் தளத்தில் முன்பதிவு செய்யப் போனால் நாள் முழுக்க இடமில்லை என்று வருகிறது. அதே ரயிலுக்குச் சாதாரண டிக்கெட் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. பாஸுக்குக் காசு கட்டியும் ஏன் இப்படி? மற்ற ரயில்களுக்கும் முன்பதிவு வேண்டுமா?

தண்டவாளம்:
பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும்தான், சீட் அதில் சேராது. டிஜிவி (பிரான்ஸின் அதிவேக ரயில்), லிரியா, யூரோஸ்டார் போன்றவற்றில் பாஸ்காரர்களுக்கு ஒரு சிறிய கோட்டா ஒதுக்குகிறார்கள். அது தீர்ந்துவிட்டால் ரயில் பாதி காலியாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் பிரான்ஸைத் தொடும் அதிவேக ரயில்களைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

கோட்டா ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனி. லிரியா கிடைக்காவிட்டால் வழியை உடைத்துப் பாருங்கள். பாரிஸ் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு உள்நாட்டு டிஜிவி, 2 மணி நேரத்துக்குள் போய்விடும். பாஸ்காரருக்கு முன்பதிவு 10 அல்லது 20 யூரோ. அங்கிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசெலுக்கு டிஇஆர் என்ற பிரெஞ்சு வட்டார ரயில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், பாசெல்–சூரிச் ஒரு மணி நேரம். இந்த இரண்டுக்கும் முன்பதிவே கிடையாது. டிஜிவியும் கிடைக்கவில்லையா? பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர் நேரடி டிஇஆரும் உண்டு. சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆனால் கூடுதல் செலவு இல்லை. மலிவாகத் தெரிகிறதே என்று உய்கோ என்ற குறைந்த கட்டண ரயிலில் ஏறிவிடாதீர்கள், அதில் பாஸ் செல்லாது.

யூரெயில் தளம் ஒரு ரயிலுக்கு ஆளுக்கு 2 யூரோ சேவைக் கட்டணமும் சேர்க்கும்.

ஜன்னலோரம்:
சுவிட்சர்லாந்துக்குள் கவலையே வேண்டாம். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்களைத் தவிர, சும்மா ஏறி உட்காரலாம். சூரிச்–மிலான் ஓடும் யூரோசிட்டி என்ற பன்னாட்டு ரயிலில் மட்டும் எல்லை தாண்டினால் முன்பதிவு கட்டாயம். அதைத் தவிர்க்க, எல்லைக்கு முன் சுவிட்சர்லாந்திலேயே இருக்கும் லுகானோ வரை அதே யூரோசிட்டியில் போய் இறங்கி, ஆர்இ80 என்ற வட்டார ரயிலில் மிலானின் முக்கிய நிலையமான மிலானோ சென்ட்ராலேவுக்குப் போகலாம்.

மிலான்–வெனிஸ் ஓடும் இத்தாலிய அதிவேக ரயிலான ஃப்ரெச்சரோசாவுக்கு பாஸ்காரர் கட்டணம் 13 யூரோ. நிலைய இயந்திரத்தில் 'குளோபல் பாஸ்' வகையைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் யூரெயில் தளத்தின் அந்த 2 யூரோ சேவைக் கட்டணமும் மிச்சம். 13 யூரோவும் வேண்டாமென்றால் வெரோனாவில் மாறி, இரண்டு வட்டார ரயில்களில் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் போல் கூடும். கோடைச் சனிக்கிழமைகளில் இந்த ரயில்களில் சாமான்களோடு நிற்க வேண்டி வரும், அன்று மட்டும் 13 யூரோ கொடுத்துவிடுவது நல்லது.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி. ஸ்ட்ராஸ்பூர் வழியை எடுத்துக்கொள்கிறேன். முன்பதிவு வாங்கினால் அது பாஸ் ஆப்பில் தானாக ஏறிவிடுமா? மியூனிக் பக்கம் ஐசிஇ, அதாவது ஜெர்மனியின் அதிவேக ரயில், எப்படி?

தண்டவாளம்:
தானாக ஏறாது. யூரெயிலின் ரயில் பிளானர் ஆப்பில் ரயிலை நீங்களேதான் 'மை டிரிப்'பில் சேர்த்து, ஏறுவதற்கு முன் பாஸோடு இணைக்க வேண்டும். இணைத்தால்தான் அன்றைய கியூஆர் குறியீடு வரும். முன்பதிவு தனி பிடிஎஃப், பரிசோதகர் இரண்டையும் கேட்பார். பிரான்ஸ் நிலையங்களின் தானியங்கி கதவு முன்பதிவின் குறியீட்டைத்தான் படிக்கும், அங்கே பாஸை நீட்டினால் திறக்காது. மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஆப்பை இணையத்தோடு இணையுங்கள், இல்லாவிட்டால் பாஸ் திறக்காமல் போகும்.

ஜெர்மனிக்குள் ஐசிஇயில் முன்பதிவு விருப்பம்தான். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் தளத்தில் டிக்கெட் இல்லாமல் சீட் மட்டும் வாங்கலாம். வெள்ளி மாலை, ஞாயிறு என்றால் வாங்கிவிடுங்கள். ரயில் கிளம்பி 15 நிமிடத்துக்குள் போய் உட்காராவிட்டால் அந்த சீட் மேல் உரிமை போய்விடும். தவறான பெட்டியில் ஏறிவிட்டால், முதல் வேலையாக உங்கள் பெட்டிக்கு நடந்துவிடுங்கள்.