குலுக்கலில் விழாத ஊர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்டவர்: சர்வே ஆள்

வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சர்வே எடுக்கிறேன். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் சில ஊர்களுக்குப் பணம் கிடைத்தது. மற்றவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கண்ட்ரோல் ஊர்கள். எனக்கு வந்தது கண்ட்ரோல் பக்கம்.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கினீர்கள், கடைசியாக எப்போது சாப்பாடு போதாமல் போனது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். பிறகு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பக்கத்து ஊருக்குப் பணம் வந்தது இவர்களுக்குத் தெரியாதா என்ன? "எங்க ஊர் பேரை வெட்டினது யாரு?" என்று என்னையே கேட்கிறார்கள். குலுக்கல் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் "உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை" என்று ஒரு வரி உண்டு. நிறுத்தி நிதானமாகத்தான் படித்துக் காட்டுகிறேன். ஆனாலும் இன்று பதில் சொன்னால் நாளைக்கு ஏதாவது வரும் என்ற நினைப்பில்தான் பேசுகிறார்கள். இதற்குப் பெயர் ஒப்புதலா? குலுக்கலே தப்பு என்பது என் வாதம் இல்லை. கண்ட்ரோல் ஆட்களுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பதில்: புள்ளிக்காரன்

எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லாதபோது யாருக்கு முதலில் என்பதை எப்படியாவது முடிவு செய்தாக வேண்டும். செல்வாக்குள்ளவர் எழுதித் தரும் பட்டியலைவிடக் குலுக்கல் மேல். 2008-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுக்குக் குலுக்கல்தான் போட்டது. ஆய்வாளர்கள் சொல்லிப் போட்டதல்ல, இடம் குறைவு, ஆள் அதிகம் என்பதால் அரசே போட்டது. மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தந்த புரோக்ரெசா திட்டத்தில் 506 ஊர்கள் ஆய்வில் இருந்தன. 320 ஊர்களுக்கு முதலில் பணம் போனது, 186 ஊர்களுக்குப் பின்னால் போனது. அங்கே கண்ட்ரோல் என்றால் காத்திருப்பு, அவ்வளவுதான். உங்கள் ஊர்களுக்குப் பிறகாவது வருமா? அதைப் பொறுத்துத்தான் என் பதில்.

பதில்: கிணற்றடி

கொடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிடுங்குவதையும் குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில், நைரோபியின் கயோலே சொவேட்டோ என்ற ஏழைகள் வாழும் பகுதியில் பாக்கி வைத்த வீட்டு உரிமையாளர்களில் குலுக்கலில் விழுந்தவர்களுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கும் எச்சரிக்கை போனது. அதற்கும் கட்டாதவர்களுக்குத் துண்டித்தார்கள். 2020-ல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் பெரிய சர்ச்சை. பாக்கிக்குத் துண்டிப்பது குடிநீர் நிறுவனத்தின் வழக்கமான நடைமுறைதான் என்பது ஆய்வாளர்கள் தரப்பு. சரி, இருக்கட்டும். குழாயை நம்பியிருந்தது வாடகைக்கு இருந்த குடும்பங்கள். பாக்கி வைத்தது உரிமையாளர். வாடகைக்காரரிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்?

பதில்: பருப்பு

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில் தடுப்பூசி முகாம் நடத்தி, ஊசி போட வந்தவர்களுக்கு ஒரு கிலோ பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் கண்ட்ரோல் கிராமங்களில் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த இடத்தில் 18, பருப்பும் சேர்ந்த இடத்தில் 39. தடுப்பூசி நல்லது என்பது யாருக்கும் தெரியும். பருப்பு கொடுத்தால் இவ்வளவு ஏறும் என்பதை ஒப்பிடாமல் யார் நம்பியிருப்பார்கள்? கண்ட்ரோல் கிராமங்களிலும் வழக்கமான அரசு சுகாதார நிலையம் இருந்தது. இருந்ததை யாரும் எடுக்கவில்லை.

கேட்டவர்: சர்வே ஆள்

புள்ளிக்காரன், பிறகு வரும் என்று எங்கேயும் எழுதவில்லை. வரலாம் என்று மேலதிகாரி வாயால் சொல்கிறார். அதை நான் ஊரில் சொல்ல மாட்டேன்.

குலுக்கலை ஊர்க்காரர்கள் முன்னாலேயே போட்டிருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்புறம், நேரத்துக்குக் கூலி. கேட்டேன். கண்ட்ரோல் ஆட்களுக்குப் பணம் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடுமாம்.

பதில்: புள்ளிக்காரன்

அது பெரும்பாலும் சாக்கு. பதில் சொன்ன நேரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே தொகை கொடுங்கள். திட்டம் தரும் பணத்தோடு பார்த்தால் ஒரு நாள் கூலி சிறு தொகை, இரண்டு பக்கமும் சமம், வித்தியாசம் அப்படியே நிற்கும். கூலி பெரிதாக இருந்தால்தான் சிக்கல்: அதற்காகவே வேண்டாவெறுப்பாகச் சம்மதிப்பார்கள். ஆய்வு நெறிகளைப் பார்த்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி கவலைப்படுவதும் அதற்குத்தான்.

பதில்: கிணற்றடி

முடிவு வந்ததும் அதே வீடுகளுக்குப் போய்ச் சொல்வீர்களா? கட்டுரை ஆங்கிலத்தில் வரும், மாநாட்டில் கைதட்டுவார்கள். பதில் சொன்னவருக்கு ஒரு பக்கம்கூடப் போய்ச் சேராது.

கேட்டவர்: சர்வே ஆள்

அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பே இல்லை. கடைசிச் சுற்று சர்வே முடிந்த அன்றே எங்கள் ஒப்பந்தமும் முடிகிறது. கூலி விஷயத்தை மேலே எழுதி அனுப்புகிறேன். முடிவைச் சொல்லத் திரும்பிப் போவதற்கு யாராவது பணம் ஒதுக்க வைத்திருந்தால், எந்தச் செலவுக் கணக்கில் காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.